கல்லைத் திருப்பி வைத்தல்

மன்னார் வளைகுடாவில் கடல் அதிகம் இறங்குவதில்லை. குஜராத்தின் கட்ச் வளைகுடாவில் நீர் வற்றும்போது கிலோமீட்டர் கணக்கில் தரை வெளியே வந்துவிடும். செருப்புக் காலோடு பவளத் திட்டுகளுக்கு நடந்து போகலாம். மண்டபம், பாம்பன் பக்கம் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டரைத் தொடாது. அதனால் இங்கே பாறைக்குட்டைகளைப் பார்க்க வேண்டுமென்றால் நாள் பார்த்துப் போகவேண்டும். அமாவாசையும் பௌர்ணமியும்தான் நாள். சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் நின்று இழுக்கும் அந்த நாட்களில் ஏற்றமும் கூடும், வற்றமும் கூடும். ஒரு ஊரில் அமாவாசை வற்றமும் பௌர்ணமி வற்றமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வருவதால், ஒருமுறை நேரம் தெரிந்துகொண்டால் பிறகு வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரே போதும். ஒவ்வொரு நாளும் வற்றம் சுமார் ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். அந்தக் கணக்கை என் எட்டு வயது மகள் இப்போது என்னைவிட வேகமாகப் போடுகிறாள்.

இராமேசுவரம் வருகிறவர்கள் அக்னி தீர்த்தத்தில் முங்கி எழுந்து, கோயிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தங்களுக்கு ஓடுகிறார்கள். தனுஷ்கோடி போகிறார்கள். பாலத்தில் ரயில் வருவதற்காகக் காத்திருக்கிறார்கள். கடலை நாம் நிமிர்ந்து பார்த்தே பழகியவர்கள். நமக்கு அது தொடுவானம், அலை, சூரிய உதயம். காலடியில் குனிந்து பார்ப்பவர்கள் பெரும்பாலும் பிழைப்புக்காகக் குனிகிறவர்கள். குடும்பத்தோடு கடலுக்குப் போய் ஒரு குட்டையின் ஓரத்தில் ஒரு மணி நேரம் குந்தியிருப்பது என்பது எங்கள் வீட்டில்கூட வேடிக்கையாகத்தான் பார்க்கப்பட்டது. அண்ணன் முதலில் வரவே மறுத்தான். அண்ணியோ சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் இறங்கிவிட்டாள்.

இறங்கிய முதல் சில நிமிடம் எதுவும் தெரியாது. பழுப்புக் கல், பாசி, செத்த பவளத் துண்டுகள், கணுக்கால் அளவு தண்ணீர். "ஒன்னுமே இல்லம்மா" என்பாள் மகள். குனிந்தபடி அசையாமல் இருக்கவேண்டும். நம் நிழல் விழுந்ததும் ஒளிந்துகொண்டவை ஒவ்வொன்றாக வெளியே வரும். கல் என்று நினைத்தது நகரும். அது சங்குக்குள் குடியிருக்கும் துறவி நண்டு. மணல் ஒட்டிக்கொண்டு கறுப்பாகக் கிடப்பது கடல் அட்டை. மணலை ஒரு முனையில் விழுங்கி, அதிலிருக்கும் உணவை மட்டும் எடுத்துக்கொண்டு, மறுமுனையில் மணலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். கல்லிடுக்கிலிருந்து மெல்லிய கைகள் இரண்டு மட்டும் வெளியே நீண்டு துழாவும். அவற்றுக்குரிய நட்சத்திர மீன் உள்ளே பத்திரமாக இருக்கும். கடல் முயல் என்ற, வெளியே ஓடு தெரியாத நத்தையினம் மிரண்டால் ஊதா மையைக் கக்கும், குட்டையின் ஒரு மூலை முழுக்க நிறம் மாறிவிடும். கூம்பு வடிவத்தில் அழகான கோலம் போட்ட ஒரு சங்கினம் உண்டு. அதைக் கையில் எடுக்கக் கூடாது. அதன் கொடுக்கில் இருக்கும் நஞ்சு மனிதரைக் கொல்லக்கூடியது. எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று தெரியாத இடத்தில் கையை நீட்டாமல் இருப்பதைத்தான் குழந்தைக்கு முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

குட்டைக்குள் வாழ்வது கடலுக்குள் வாழ்வதைவிடக் கடினம். கடலோடு தொடர்பு அறுந்த கணத்திலிருந்து அது தன்னந்தனி. வெயில் ஏற ஏறத் தண்ணீர் சுடும். ஆவியாகி உப்பு ஏறும். மழை பிடித்துக்கொண்டால் உப்பு இறங்கும். பகலில் பாசி ஆக்சிஜனை வெளிவிடுவதால் அதன் இலைகளில் குமிழி குமிழியாக நிற்கும். இரவில் வற்றம் வந்தாலோ, அதே பாசியும் அங்குள்ள உயிர்களோடு போட்டியிட்டு ஆக்சிஜனை இழுக்கும்; கடல் திரும்பும்வரை அத்தனைக்கும் மூச்சுத் திணறல். ஒரு நாளுக்குள் கோடையையும் மழைக்காலத்தையும் பார்த்துவிடும் இந்த உயிர்கள், ஏற்றம் வந்து கடல் மறுபடி சேர்ந்துகொள்ளும்வரை தாக்குப்பிடிக்கின்றன. இவ்வளவு உறுதியான உயிர்களை அழிக்க எவ்வளவு சிறிய காரியம் போதும் என்பதை எங்களுக்குச் சொன்னவர் பாசி எடுக்க வந்த ஒரு பெண்.

அம்மா வயதிருக்கும். விரல்களில் துணி சுற்றியிருந்தார். என் மகள் ஒரு தட்டைக் கல்லைப் புரட்டி, அடியில் ஓடிய நண்டுகளைப் பார்த்துக் கூவிவிட்டு, கல்லை அப்படியே மல்லாக்க விட்டுவிட்டு அடுத்த கல்லுக்குப் போனாள். அவர் எட்டிவந்து அதைத் திருப்பி வைத்தார். "பாப்பா, கல்லப் புரட்டுனா அதே குழியில, அதே பக்கமா வையி. கவுத்துப் போட்டுட்டுப் போயிராத. மேல உள்ளதும் சாகும், அடியில உள்ளதும் சாகும்." என் மகள் அவரிடம், "அடியில என்ன பாட்டி இருக்கு?" என்று கேட்டாள். அவர் இன்னொரு கல்லை இரண்டு கையாலும் மெதுவாகச் சாய்த்துக் காட்டினார்.

கல்லின் மேற்பக்கம் வெயிலை உண்டு வாழும் பாசிகளுக்கு உரியது. அடிப்பக்கத்தில் வெயிலே படாது. ஆரஞ்சும் மஞ்சளுமாகக் கடற்பஞ்சுகள், புழுக்கள் கட்டிக்கொண்ட சுண்ணாம்புக் குழாய்கள், சின்ன மீன் ஒட்டிவைத்துக் காவல் காக்கும் முட்டைகள், நகத்தளவு நண்டுகள். கவிழ்ந்த கல்லில் பாசி இருட்டில் அழுகும், மற்றவை வெயிலில் காயும். ஒரு கைக்கல்லில் இரண்டு உலகங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பார்த்துவிட்டு அப்படியே போகிறவர்கள் இரண்டையும் முடித்துவிடுகிறார்கள்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த அம்மா பேசவில்லை. அம்மா விலங்கியல் படித்தவள், அதையே பள்ளியில் கற்பித்து ஓய்வுபெற்றவள். எழுபதுகளில் கல்லூரிச் சுற்றுலாவில் பாம்பனை ஒட்டிய குருசடைத் தீவுக்கு வந்துபோன மாணவிகளில் அவளும் ஒருத்தி. அந்தக் காலத்தில் தமிழ்நாட்டில் விலங்கியல் படித்தவர்களுக்குக் குருசடை என்பது ஒரு யாத்திரைத் தலம். 1927இல் சென்னை அரசு அருங்காட்சியகம் அந்தத் தீவின் கரையோர உயிர்களைப் பற்றி மட்டுமே ஒரு தனி வெளியீடு கொண்டுவந்தது. அருங்காட்சியகத்தின் பொறுப்பிலிருந்த கிரேவ்லி அதை முன்னின்று நடத்தினார். முதுகெலும்பில்லாத உயிர்களுக்கும் முதுகெலும்புள்ளவற்றுக்கும் இடையிலான உறவைக் காட்டும் பலனோகிளாசஸ் வகைப் புழு அங்கே மணலுக்குள் கிடைத்தது. பாடப்புத்தகத்தில் படமாக இருந்தது கையில் உயிரோடு நெளிந்ததை அம்மா இன்றும் மலர்ந்த முகத்தோடு சொல்வாள். வாளிகளில் அள்ளினார்கள். ஃபார்மலின் ஊற்றிய குடுவைகளில் போட்டு, பெயர்ச்சீட்டு ஒட்டிக் கொண்டுபோனார்கள். வருடா வருடம், கல்லூரி கல்லூரியாக. எத்தனையோ துறை அருங்காட்சியகங்களின் மர அலமாரிகளில் நிறமிழந்த நட்சத்திர மீன்களாக அந்தக் கடற்கரை இன்றும் நிற்கிறது.

இந்த இடத்தில் எனக்கு எப்போதும் நினைவுக்கு வருகிறவர்கள் இங்கிலாந்தின் டெவன் கரையில் வாழ்ந்த ஒரு தந்தையும் மகனும். தந்தை பிலிப் ஹென்றி காஸ். இயற்கையியலாளர், வேதத்தின் ஒவ்வொரு சொல்லும் அப்படியே உண்மை என்று நம்பிய கடுமையான கிறித்தவர். 1853இல் டெவன் கரையோர உயிர்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். மறு ஆண்டு, கடல் உயிர்களைக் கண்ணாடித் தொட்டியில் வளர்ப்பது எப்படி என்று இன்னொரு நூல். எளிமையான, உணர்ச்சியுள்ள எழுத்து. கூடவே அவரே வரைந்த வண்ணப் படங்கள். 1845இல் கண்ணாடிமீதான வரி நீக்கப்பட்டிருந்ததால் தொட்டிகள் மலிவாகிவிட்டன. ரயில் பாதைகள் கடற்கரை ஊர்களுக்கு வந்துகொண்டிருந்தன. காஸின் நூல்களைக் கையில் வைத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாகக் கரைக்கு வந்து இறங்கினார்கள். உளியும் சுத்தியலும் கொண்டு பாறையைப் பெயர்த்தார்கள். வாளி வாளியாக எடுத்துப்போனார்கள். வரவேற்பறைத் தொட்டிகளில் பெரும்பாலானவை செத்துப்போக, மறுபடி வந்தார்கள்.

மகன் எட்மண்ட் 1849இல் பிறந்தவன். 1857இல் தாய் புற்றுநோயில் இறந்தார். அந்த ஆண்டே தந்தை எட்டு வயது மகனோடு டெவனில் கடலோரத்தில் குடியேறினார். அந்த வீட்டில் கதைப் புத்தகம் இல்லை, விளையாட்டுத் தோழர்கள் இல்லை. பிரார்த்தனையும் பாவ மன்னிப்பும் இருந்தன. ஆனால் வற்றம் வந்தால் இருவரும் பாறைகளுக்குப் போனார்கள். பெரிய குட்டைகளில் தந்தை மார்பளவு நீரில் இறங்கிப் பாறையின் விளிம்பை அங்குலம் அங்குலமாகத் தேடுவார். பையன் சின்னக் குட்டைகளைப் பார்த்துக்கொள்வான். அப்போது தந்தை கடல் சாமந்திகளைப் பற்றிய பெருநூல் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தார். 1859இல் மகன் கண்டெடுத்த ஒரு சின்னக் கடல் சாமந்தி, பிரிட்டனில் அதுவரை யாரும் பதிவுசெய்யாததாக இருந்தது. அந்த நூலில் அதற்கும் இடம் கிடைத்தது. வேறெதிலும் ஒன்றாத அந்த இருவரும் குட்டையின் ஓரத்தில் ஒன்றியிருந்தார்கள் என்றே நான் அந்தக் கதையைப் படிக்கிறேன். பிற்பாடு மத நம்பிக்கையில் இருவரின் வழிகளும் பிரிந்தன. 1907இல் எட்மண்ட், தந்தையும் தானும் வாழ்ந்த அந்த வாழ்க்கையை ஒரு நூலாக எழுதினார். முதலில் பெயர் போடாமல்தான் வெளியிட்டார்.

அதில் அவர் பதிவுசெய்யும் துக்கங்களில் ஒன்று, சிறு வயதில் தான் பார்த்த குட்டைகள் இப்போது இல்லை என்பது. யாரும் கண்டுகொள்ளாததால் மட்டுமே நூற்றாண்டுகளாகப் பிழைத்திருந்த ஒரு மெல்லிய உயிர்வளையம், கண்டுகொண்டவர்களின் கூட்டத்தால் அழிந்தது என்கிறார். அந்தக் கூட்டத்தைக் கூட்டிவந்தவை தன் தந்தையின் நூல்கள். தந்தையும் தம் காலத்திலேயே அதைப் பார்த்தார், மனம் நொந்தார் என்றும் எழுதுகிறார். காஸ் பேராசைக்காரர் அல்லர். தான் நேசித்ததை மற்றவர்களும் நேசிக்கவேண்டும் என்று விரும்பினார். அதற்கு மேல் அவர் செய்த குற்றம் ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. எந்தத் தாயும் தகப்பனும் குழந்தையின் கையைப் பிடித்துக் கரைக்கு அழைத்துப்போவது அந்த விருப்பத்தால்தான். இந்தக் கட்டுரையில் நாங்கள் போகும் கரையின் பெயரை நான் எழுதாததற்கு அவர்தான் காரணம்.

நேசம் இப்படித்தான் முடியவேண்டும் என்றில்லை. அமெரிக்காவின் மெய்ன் கரையில் கோடைகளைக் கழித்த எழுத்தாளர் ரேச்சல் கார்சன், 1955இல் கடலோர உயிர்களைப் பற்றிய தன் நூலை வெளியிட்டார். அதற்காகக் கரையிலிருந்து கொண்டுவந்த உயிர்களை நுண்ணோக்கியில் பார்த்து முடித்ததும் வாளியில் எடுத்துப்போய்த் திரும்பக் கடலிலேயே விட்டுவருவது அவருடைய வழக்கம். மறு ஆண்டு, சகோதரியின் பேரன் ரோஜரோடு கரையிலும் காட்டிலும் அலைந்ததைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பெயர் தெரிந்துகொள்வது பிறகு வரட்டும், வியப்பு முதலில் வரட்டும் என்பது அவர் கட்சி. பெயரைப் பற்றி மட்டும் நான் அவரோடு உடன்படவில்லை. பெயர் தெரிந்ததும் என் மகளுக்கு அந்த உயிர்மேல் ஓர் உரிமை வருகிறது, அடுத்த முறை அதைத் தேடுகிறாள்.

இனி, எடுப்பதைப் பற்றி. கல்லைத் திருப்பி வைக்கச் சொன்ன அந்தப் பெண்ணும் கடலிலிருந்து எடுப்பவர்தான், அதில்தான் அவர் குடும்பம் சாப்பிடுகிறது. மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து அகர் தயாரிக்கிறார்கள். நோன்புக் காலத்தில் நம் வீடுகளில் காய்ச்சும் கடல்பாசி அதுதான். கட்டக்கோரையிலிருந்து ஆல்ஜினேட் எடுக்கிறார்கள். துணிக்குச் சாயம் அச்சிடுவதுவரை அதற்கு வேலை உண்டு. பாம்பன் சுற்றுவட்டத்தில் இந்தப் பெண்கள் தங்களுக்குத் தாங்களே விதி வைத்துக்கொண்டார்கள்: அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய சில நாட்களே கடலில் இறங்குவது, கையால் மட்டும் பறிப்பது, அடியை விட்டுவிடுவது, வருடத்தில் சில வாரங்கள் பாசி வளரக் கடலை விட்டு விலகியிருப்பது. சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமிக்கு 2015இல் சீகாலஜி என்ற அமெரிக்க அமைப்பு விருது கொடுத்தது இந்தப் பெண்களை ஒன்றுதிரட்டியதற்காகத்தான்.

மறுபக்கம் சட்டம். 1986இல் தூத்துக்குடியிலிருந்து இராமேசுவரம் வரையிலான 21 தீவுகளும் தேசியப் பூங்கா ஆயின. 2001இல் கடல் அட்டை புலிக்குச் சமமான பாதுகாப்புப் பட்டியலில் சேர்ந்தது. தீவுகளைச் சுற்றிப் பாசி எடுத்து வளர்ந்த பெண்கள் ஒரே நாளில் அத்துமீறுகிறவர்கள் ஆனார்கள். சட்டம் தேவையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். வீடு கட்டவும் சுண்ணாம்புக் காளவாய்க்கும் பவளக்கல்லை வெட்டி வெட்டி, அரண் இழந்த பூமரிச்சானும் விலாங்குசல்லியும் கடலுக்குள் மூழ்கியே போயின. அதைச் செய்தவை பாசி பறிக்கும் விரல்கள் அல்ல. 2010இலும் 2016இலும் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தபோதும் குற்றவாளி அந்தக் கரையில் இல்லை. நம் எல்லோருடைய அடுப்பிலும் வண்டியிலும் இருந்தது. கல்லை எப்படி வைக்கவேண்டும் என்று அறிந்தவரை வெளியே நிறுத்தும் வேலியை என்னால் முழுமனதோடு ஏற்க முடியவில்லை.

அம்மாவுக்கும் எனக்கும் சண்டை வந்தது ஒரு வெற்றுச் சங்கின் காரணமாக. மகள் அதை எடுத்துக்கொண்டு வரப்போனாள். உள்ளே உயிர் இல்லை, கழுவி மேசையில் வைத்துக்கொள்வேன் என்றாள். நான் வேண்டாம் என்றேன். துறவி நண்டுக்குத் தானாக ஓடு வளராது. உடல் பெருக்கப் பெருக்க இன்னும் பெரிய சங்கு தேடிப் போகவேண்டும். தோதான சங்கு கிடைக்காவிட்டால் இறுகிய வீட்டிலேயே வளர்ச்சி முடங்கும். காலியாகக் கிடக்கும் எதுவும் அங்கே காலி அல்ல, அடுத்தவருக்காகக் காத்திருப்பது. இதை நான் மகளிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அம்மா குறுக்கிட்டாள்.

"கையில எடுக்காம எதையும் படிக்க முடியாதுடி. நான் அந்தப் புழுவக் கையில வச்சுப் பாத்ததாலதான் நாப்பது வருசம் பாடம் நடத்துனேன். தூரத்துல நின்னு கும்பிட்டுட்டு வர்றதுக்கு அது என்ன சாமியா?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. அம்மா சொன்னதில் உண்மை இருக்கிறது. அம்மா போன்றவர்கள் அள்ளிப் பார்த்ததால்தான் அந்தத் தீவில் என்ன இருந்தது என்று நமக்குத் தெரியும்; தெரிந்ததால்தான் பாதுகாக்கவேண்டும் என்ற குரலே எழுந்தது. தொடவே கூடாது என்று வளர்ந்த குழந்தைக்குக் கடல் திரையில் பார்க்கும் படமாகவே முடிந்துபோகும். ஆனால் அம்மாவின் வகுப்பில் வந்தவர்கள் சில பேர். சனிக்கிழமை காலையில் இன்று வண்டியேறி வரக்கூடியவர்கள் எத்தனை பேர்! ஒரு குழந்தை எடுத்துப்போகும் ஒரு சங்கால் கடலுக்கு ஒன்றும் ஆகாது. ஒவ்வொரு குழந்தையும் அந்த ஒரு குழந்தையாக இருப்பதுதான் டெவனில் நடந்தது. கோயில் தெருக் கடைகளில் குவிந்திருக்கும் சங்குகளையும் சோழிகளையும் பார்க்கும்போதெல்லாம், அவை காலியான பின் பொறுக்கியவை அல்ல, பெரும்பாலும் உயிரோடு எடுக்கப்பட்டவை என்பது எனக்கு வலிக்கிறது.

எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் மெதுவாக உருவானது. கை தண்ணீருக்குள் போகலாம்; தண்ணீருக்குள் இருப்பது வெளியே வரக் கூடாது. ஈரக் கையை அடியில் விரித்து வைத்துக் காத்திருந்தால் துறவி நண்டு தானே ஏறி நடந்துபோகும். கால்களின் கூர்மை விரலில் தெரியும். கடல் அட்டையை இருந்த இடத்திலேயே ஒரு விரலால் தொட்டுப் பார்க்கலாம் என்றாள் மகள். பட்டியலில் உள்ள விலங்கு என்பதால் நான் சம்மதிக்கவில்லை. அது இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறது. அம்மா குட்டையின் ஓரத்தில் அண்ணன் கொண்டுவந்து போட்ட பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து பெயர்களைச் சொல்கிறாள். தமிழில் தெரிந்தால் தமிழில், இல்லாவிட்டால் லத்தீனில். மகள் திருப்பிச் சொல்கிறாள். பாசிக்காரப் பெண் எதிரே வந்தால், அவர் சொல்லும் பெயரை அம்மா குறித்துக்கொள்கிறாள்.

காற்று கொஞ்சம் அடித்தாலும் நீர் நெளிந்து அடியில் உள்ளது கலங்கிவிடுகிறது என்பது மட்டும் அம்மாவுக்குக் குறையாகவே இருந்தது. மதுரைக்குத் திரும்பிய வாரம், மகள் மணலில் விளையாடும் பிளாஸ்டிக் வாளியை எடுத்துக்கொண்டு அம்மா கண்ணாடிக் கடைக்குப் போனாள். அடியை வட்டமாக அறுத்தெடுத்து, அந்த அளவுக்குக் கண்ணாடி வெட்டி, மீன்தொட்டிக்குப் பூசும் பசையால் ஒட்டி வாங்கிவந்தாள். பசை காய ஒருநாள் மொட்டைமாடியில் கிடந்தது. கசிகிறதா என்று பார்க்கத் தண்ணீர்த் தொட்டியில் ஒரு நாணயத்தைப் போட்டு, வாளியை நீர்மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டு பேத்தியைக் கூப்பிட்டாள். அவள் குனிந்து, நாணயத்தில் பொறித்திருந்த ஆண்டைத் தெளிவாக வாசித்தாள்.